சாண்டா பார்பராவின் மூன்று முகப்புகள்

ஓர் அஞ்சலட்டைக்கு 15 டாலர், அதாவது ரூ.1,200-க்கு மேல் கொடுத்தேன் என்று வீட்டில் எப்படிச் சொல்வது என்ற கவலை இன்னும் தீரவில்லை. கலிஃபோர்னியாவில் ஸ்பானியப் பாதிரியார்கள் 1769 முதல் 1823 வரை நிறுவிய 21 மிஷன்களில், அதாவது கிறித்தவ மதப்பரப்பு மையங்களில், ஒன்றையாவது நிதானமாகப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் சாண்டா பார்பராவில் ரயிலை விட்டு இறங்கினேன். ஆனால் கால்கள் முதலில் ஒரு பழம்பொருள் கடைக்குள் சென்றுவிட்டன.

செருப்புப் பெட்டி ஒன்றில் மிஷன் படங்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருந்தன. நான் எடுத்த அட்டை ஜெர்மனியில் அச்சானது. கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தின் மேல் சாயம் ஏற்றியிருந்ததால், வானம் பஞ்சுமிட்டாய் நிறத்தில் இருந்தது. அமெரிக்காவில் 1907 மார்ச் வரை அட்டையின் பின்பக்கத்தில் முகவரி மட்டுமே எழுதலாம் என்பதால், அனுப்பியவர் தம் செய்தியைப் படத்துக்குக் கீழே நுணுக்கி நுணுக்கி எழுதி, இடம் போதாமல் தேவாலயப் படிக்கட்டின் மேலும் ஏறியிருந்தார். ஒரு சென்ட் பச்சைத் தபால்தலையில் பிராங்க்ளினின் முகம் பாதி முத்திரைக்குள் மறைந்திருந்தது. இரண்டு டாலருக்குத் துணி போன்ற சொரசொரப்புடன் 1930-களின் அட்டை ஒன்றும் கிடைத்தது. சிக்கனம் கருதி அதைப் பெட்டியிலேயே திரும்ப வைத்துவிட்டேன்.

சிக்கனம் டாக்சியில் கரைந்தது. இரண்டு மைல் தூரத்துக்குக் கடற்கரையையெல்லாம் சுற்றிக்கொண்டு போய் 24 டாலர் வாங்கினார் ஓட்டுநர். இரவுச் சாப்பாடு ரொட்டியும் வாழைப்பழமும்தான்.

ஆயினும் மிஷனின் எதிரே நின்று அட்டையை உயர்த்திப் பிடித்தபோது எரிச்சல் அடங்கியது. இரட்டைக் கோபுரம், ஆறு தூண்கள் என எல்லாம் அச்சாகப் பொருந்தின. ஆனால் அட்டையில் உள்ள முகப்பு என் எதிரே நின்ற முகப்பு அன்று. 1820-இல் கட்டி முடிக்கப்பட்ட இக்கற்கோயிலின் கோபுரங்களை 1925 ஜூன் 29-இல் வந்த நிலநடுக்கம் சிதைத்தது, 1927-இல் சீரமைத்தார்கள், அந்தக் கான்கிரீட் உள்ளுக்குள் வேதிமாற்றம் அடைந்து விரிசல் விட்டதால், முகப்பை இடித்து 1953-க்குள் மீண்டும் எழுப்பினார்கள்.

ஒன்றை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இதைக் கட்டியவர்கள் சுமாஷ் பழங்குடியினர். பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் அவர்களுள் ஆயிரக்கணக்கானோர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். நான் புரட்டிய பெட்டி முழுவதும் பழுப்பு அங்கித் துறவியர் நீரூற்றருகே நின்றார்களே தவிர, ஒரு சுமாஷ் முகம்கூட இல்லை.

மறுநாள் காலையில் நடந்தே போய் அந்த இரண்டு டாலர் அட்டையையும் வாங்கிவிட்டேன், அதில் இருப்பது 1927-இன் முகப்பு என்பதால். மூன்றாவதைக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டேன், அதற்குச் செலவில்லை.