நாலாவது ஏணி

அப்பா விமானப்படையில் ஃபிட்டர். 1971 போர் நேரத்தில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. தாக்குதலுக்குப் போன விமானங்கள் திரும்பும்போது, தரையில் நிற்பவர்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்து எண்ணுவார்களாம். ஒருநாள் நாலு போய் மூன்றுதான் வந்தது. நாலாவது விமானிக்காக எடுத்து வைத்த ஏணியை இருட்டும்வரை யாரும் நகர்த்தவில்லை. அதற்குமேல் அப்பா சொன்னதில்லை. நாங்கள் ஊருக்குப் போய்த் திரும்பினால்கூட, வாசலில் நின்று தலையை எண்ணித்தான் உள்ளே விடுவார்.

போன மாதம் மடிகேரி போயிருந்தோம். பழைய பேருந்து நிலையம் பக்கம் ஸ்குவாட்ரன் லீடர் அஜ்ஜமாட தேவய்யா பெயர் வைத்த சந்திப்பைப் பார்த்ததும் அப்பா நின்றுவிட்டார். "இவர் அன்னைக்கு ஸ்டாண்ட்பை" என்றார்.

1965 செப்டம்பர் 7. பஞ்சாபின் ஆதம்பூரிலிருந்து பாகிஸ்தானின் சர்கோதா விமானதளத்தைத் தாக்க நம்முடைய 12 மிஸ்டேர் போர் விமானங்கள் போக வேண்டும். யாராவது போக முடியாமல் போனால் மட்டுமே தேவய்யாவுக்கு இடம். ஒரு விமானம் விலகியது, இவர் கிளம்பினார். தாக்கிவிட்டுத் திரும்பும் வழியில் பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் போர் விமானம் ஒன்று இவரைப் பிடித்துக்கொண்டது. மிஸ்டேரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம் அதற்கு. தாழ்வான உயரத்தில் இரண்டும் சண்டை போட்டன. ஸ்டார்ஃபைட்டர் விழுந்தது, அதன் விமானி பாராசூட்டில் தப்பினார். தேவய்யா வரவே இல்லை.

இந்தச் சண்டையைப் பார்த்த இந்திய விமானி ஒருவர்கூட இல்லை. அதனால் "காணவில்லை" என்று எழுதினார்கள். எனக்கு மனசு ஆறாதது இதில்தான். இறந்தார் என்றால் அழுது முடிக்கலாம். காணவில்லை என்றால் அந்த மனைவி என்ன செய்வார்? வாசலில் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து பார்த்திருப்பாரே.

1979இல் பிரிட்டிஷ் எழுத்தாளர் ஒருவரின் புத்தகம் வந்தது. அந்த ஸ்டார்ஃபைட்டரை வீழ்த்தியது ஒரு மிஸ்டேர் என்று பாகிஸ்தான் தரப்புத் தகவல் அதில் இருந்தது. திரும்பி வந்த மிஸ்டேர் விமானிகள் யாரும் அப்படியொரு சண்டை போடவில்லை. மிச்சம் ஒரே ஒருவர்தான், தேவய்யா. அப்புறமும் 1988இல்தான் போர் வீரத்துக்கான மகாவீர் சக்ரா விருது கிடைத்தது. 23 வருடம்! எதிரி நாட்டிலிருந்து செய்தி வந்திராவிட்டால் அதுவும் இல்லை.

அன்று ராத்திரி அறையில் அப்பாவிடம் கேட்டேன், "அந்த நாலாவது விமானி பேர் என்னப்பா?"

சொன்னார். அவர் குடும்பத்தார் எங்கோ இருப்பார்கள், அதனால் இங்கே எழுதவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவராகவே பேசினார். ஏணியில் ஏறிப்போய் அந்த விமானிக்கு இருக்கைப் பட்டையை மாட்டிவிட்டது அப்பாதானாம். "இன்னும் கொஞ்சம் இறுக்கு"ன்னு கேட்டாராம். இறுக்கிவிட்டு இறங்கி, ஏணியை எடுத்திருக்கிறார்.