அத்தை இல்லத்துக்குப் போன பிறகு

என் மாமியாரை மதுரைக்கு வெளியே உள்ள முதியோர் இல்லம் ஒன்றில் சேர்த்த நாளிலிருந்து, "இனிமேல் உனக்கு நிம்மதிதானே?" என்று கேட்காத உறவினர் இல்லை. அத்தைக்கு வந்திருப்பது அல்சைமர் என்னும் மறதி நோய். பொழுது சாயும் நேரத்தில் பதற்றம் கூடி, பிறந்த ஊரான உசிலம்பட்டிக்குப் போக வேண்டும் என்று வாசலுக்கு வந்துவிடுவார் என்பதால், கிரில் கேட்டின் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டே பல ஆண்டுகள் உறங்கியிருக்கிறேன். இப்போது சாவி ஆணியில் தொங்குகிறது. ஆனாலும் தெருவில் எந்த வீட்டுக் கதவு ஒலித்தாலும் விழித்துக்கொள்கிறேன்.

இது என் ஒருத்தியின் பலவீனம் அன்று. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 2004இல் வெளியான ஓர் ஆய்வு, மறதி நோயாளிகளைப் பராமரித்த 1,222 பேரைத் தொடர்ந்து கவனித்தது. நோயாளியை இல்லத்தில் சேர்த்த 180 பேரிடம் அதன்பின் மனச்சோர்வும் பதற்றமும் பொதுவாகக் குறையவில்லை என்றும், கணவன் அல்லது மனைவியைச் சேர்த்தவர்களின் நிலை இன்னும் கடினமாக இருந்தது என்றும் அது கூறுகிறது. எங்கள் வீட்டில் அது மாமா. இரவு உணவு முடிந்ததும், "அவளுக்கு மாத்திரை கொடுத்தாச்சாம்மா?" என்று இன்றும் என்னிடம் கேட்கிறார்.

பொறுப்பும் முழுதாகக் கைமாறிவிடவில்லை. எடுத்தவுடன் தலையில் தண்ணீர் ஊற்றினால் அத்தை அலறுவார், காலிலிருந்து தொடங்கினால் அமைதியாகக் குளிப்பார். கரண்டியைக் கண்டால் வாயை மூடிக்கொள்வார், ரசம் சாதத்தைக் கையால் பிசைந்து கொடுத்தால் உண்பார். இவற்றையெல்லாம் தாளில் எழுதி அங்குள்ள பணியாளர்களிடம் கொடுத்தேன். "கொண்டுபோய் விட்டுவிட்டார்கள்" என்று பேசுகிறவர்களுக்கு, இந்தக் கவனிப்பு கண்ணில் படுவதே இல்லை என்பதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. இரவில் இருமுறை விழுந்த ஒருவரை வீட்டில் வைத்துக் காக்க எங்களால் இயலவில்லை. அது கைவிடுதல் ஆகாது.

உறக்கமின்மை நீடித்தபோது, அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணை அழைத்தேன். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். அந்தப் பேச்சுக்குப் பிறகு, பார்க்கப் போகும் நாட்களை வீட்டில் பங்கிட்டுக்கொண்டோம். புதன்கிழமை திருமங்கலத்திலிருந்து நாத்தனார் வருகிறார். ஞாயிறு எங்கள் முறை. மாலையில் அத்தையின் பதற்றத்தைக் கண்டு மாமா உடைந்துபோவதால், அவரைக் காலை வேளையில் மட்டுமே அழைத்துச் செல்கிறோம்.