ஒளிபட்ட படலத்தில் எக்சிற்றன்: திருகோணமலையில் ஓர் அளவீட்டு அனுபவம்

கட்மியம் செலனைட்டு குவாண்டம் புள்ளிகள் (சில நனோமீற்றர் அளவேயான குறைகடத்திப் பளிங்குகள்; சிறியவை நீலப் பக்கமும் பெரியவை சிவப்புப் பக்கமும் ஒளிரும்) தொலுயீன் என்ற கரைப்பானில் ஐதாகக் கலந்திருக்கும்போது காட்டும் ஒளிர்வு உச்சமும், அதே கலவையைக் கண்ணாடித் தகட்டில் துளியாக இட்டு உலரவிட்ட படலத்தின் உச்சமும் ஒன்றாக இருப்பதில்லை. படலத்தின் உச்சம் சற்றுச் சிவப்புப் பக்கம் தள்ளி நிற்கும். எக்சிற்றன் எனப்படும் இலத்திரன்-துளைச் சோடி (ஒளியால் கிளர்ந்த இலத்திரனும் அது விட்டுச்சென்ற வெற்றிடமும்) சிறிய புள்ளியொன்றில் உருவாகி, ஒளியாக வெளிப்படுவதற்குள் தன் சக்தியை அயலிலுள்ள பெரிய புள்ளிக்குக் கொடுத்துவிடுவதே காரணம் என்பது 1996இலேயே காட்டப்பட்டது. அந்த ஆய்வில் பங்கெடுத்த மௌங்கி பாவெண்டி 2023இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றோரில் ஒருவர். நனோசெக்கன்களைப் பிரித்தறியும் கருவி எங்களிடம் இல்லாததால், எக்சிற்றன் எவ்வளவு நகர்கிறது என்பதை இந்தச் சிவப்புப் பெயர்ச்சியைக் கொண்டே மதிப்பிடத் தீர்மானித்தேன்.

திருகோணமலையில் மாரிக்காலத்தில் படலம் இடுவதே தனி வேலை. தொலுயீன் ஆவியாகும்போது தகடு குளிர, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து படலம் வெண்மையாகப் பூத்துவிடும். சிலிக்கா ஜெல் வைத்த மூடிய பெட்டிக்குள் மெதுவாக உலரவிட்ட பின்னரே கண்ணாடிபோல் தெளிந்த படலம் கிடைத்தது.

அதன்பின் 405 நனோமீற்றர் ஊதா ஒளியைத் தொடர்ந்து பாய்ச்சி, இடையிடையே நிறமாலையைப் பதிந்தேன். முதலில் ஒளிர்வு கூடியது. புள்ளியின் மேற்பரப்பில் இலத்திரனையோ துளையையோ சிக்கவைக்கும் பொறிகள் ஒளியால் தற்காலிகமாக அடைபடும்போது இப்படி நடப்பதுண்டு. பிறகு ஒளிர்வு குறையத் தொடங்கியது. உச்சமும் நீலப் பக்கம் நகர்ந்தது. அளவிடப் பயன்படும் ஒளியே மாதிரியை மாற்றிக்கொண்டிருக்கும் என்பதால், பதியும் நேரம் தவிர மற்ற வேளைகளில் அளவீட்டு ஒளியை மறைப்பான் கொண்டு தடுத்தேன்.

இந்த நீலப் பெயர்ச்சியை எப்படி வாசிப்பது என்பதில்தான் நெடுநேரம் நின்றேன். காற்றிலுள்ள ஒட்சிசன், ஒளியின் துணையோடு புள்ளியின் மேற்பரப்பை அரித்து அதைச் சிறிதாக்கினாலும் உச்சம் நீலமாகும். புள்ளிகள் அளவில் மாறாமலேயே எக்சிற்றன் பெரிய புள்ளியைச் சென்றடைவதற்கு முன் வழியில் அழிந்தாலும் அதுவே நடக்கும். ஒளிர்வு நிறமாலை ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டு இரண்டையும் பிரிக்க முடியாது. பிரித்துவிட்டதாகச் சொல்வோரை நான் சற்று ஐயத்தோடுதான் பார்ப்பேன்.

ஆகவே அதே படலத்தின் உறிஞ்சல் நிறமாலையையும் எடுத்தேன். புள்ளி சிறுத்திருந்தால் முதல் உறிஞ்சல் உச்சமும் நீலப் பக்கம் நகர வேண்டும். ஏனெனில் எக்சிற்றன் எங்கே போய் முடிகிறது என்பது உறிஞ்சலைப் பாதிப்பதில்லை. கூடவே, பேர்ஸ்பெக்ஸ் என்ற தெளிந்த பிளாஸ்டிக்கைத் தொலுயீனில் கரைத்து, அதில் மிகச் சில புள்ளிகளை மட்டும் கலந்து இன்னொரு படலம் செய்தேன். சக்திக் கைமாற்றத்தின் வீதம் தூரத்தின் ஆறாம் படிக்கு நேர்மாறானது. இடைவெளி இரட்டித்தால் வீதம் 64இல் ஒரு பங்காகிவிடும். அங்கே புள்ளிகள் ஒன்றுக்கொன்று எட்டாத் தொலைவில் இருப்பதால் எக்சிற்றன் பிறந்த இடத்திலேயே முடிகிறது. பேர்ஸ்பெக்ஸ் ஒட்சிசனையும் ஓரளவு மறிக்கும் என்பதால் இது முழுமையான ஒப்பீடு அல்ல.

நைதரசன் ஓட்டத்தில் வைத்து ஒளிபாய்ச்சிய நெருக்கமான படலத்தில் உறிஞ்சல் உச்சம் இடம் மாறாதிருக்க, ஒளிர்வு உச்சம் மட்டும் நீலப் பக்கம் நகர்ந்தது. அங்கே எக்சிற்றனின் பயணம் குறுகியிருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். பழுதான புள்ளி ஒன்று தன் ஒளியை மட்டும் இழப்பதில்லை. அயற்புள்ளிகளிலிருந்து வந்துசேரும் எக்சிற்றன்களையும் விழுங்கிவிடும். ஐதான படலத்தைவிட நெருக்கமான படலம் விரைவாக மங்கியதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். காற்றில் வைத்த படலத்திலோ இரண்டு உச்சங்களும் நகர்ந்தன. அங்கே அரிப்பும் சேர்ந்துகொண்டது.

இரு படலங்களையும் அலுமினியத் தாளில் சுற்றி இருட்டில் வைத்து மறுபடி அளந்தேன். நைதரசனில் இருந்ததன் சிவப்புப் பெயர்ச்சி ஓரளவு மீண்டது. காற்றில் இருந்ததன் உறிஞ்சல் உச்சம் நகர்ந்த இடத்திலேயே நின்றது.