டைம்ஸ்கேலை 0 ஆக்கினால் கேம் நின்றுவிடுமா?

யூனிட்டி கேம் என்ஜினில் பாஸ் (pause, கேமைத் தற்காலிகமாக நிறுத்துவது) வைக்க வழக்கமாகச் சொல்லித்தருவது ஒரே வரி: டைம்ஸ்கேலை, அதாவது கேமுக்குள் நேரம் ஓடும் வேகத்தை, 0 ஆக்கு. அதில் நிற்பது பாதிதான்.

சீரான நேர இடைவெளியில் ஓடும் ஃபிக்ஸட்அப்டேட் ஃபங்ஷன் நிற்கும், கூடவே பிசிக்ஸும். ஆனால் அப்டேட் ஒவ்வொரு ஃபிரேமும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். முந்தைய ஃபிரேமிலிருந்து கடந்த நேரமான டெல்டாடைம் மட்டும் 0. மவுஸ் அசைவை டெல்டாடைமால் பெருக்காமல் (அதுதான் சரியான முறையும்கூட) எழுதியிருந்தால், மெனுவுக்குப் பின்னால் கேமரா ஜாலியாகச் சுற்றும். வேகம் கண்டுபிடிக்க தூரத்தை டெல்டாடைமால் வகுத்திருந்தால் இன்னும் மோசம். 0-ஐ 0-ஆல் வகுத்த செல்லாத மதிப்பு பழைய மதிப்போடு கலந்து சீராக்கும் ஸ்மூத்திங் கணக்குக்குள் நுழைந்துவிட்டால், ரெஸ்யூம் செய்த பிறகும் வெளியே போகாது.

மெனு அனிமேஷனும் உறைந்துவிடும்; அனிமேட்டரின் அப்டேட் மோடை அன்ஸ்கேல்ட் டைமுக்கு மாற்றுங்கள். கோரூட்டினில் (இடையில் காத்திருந்து தொடரும் ஃபங்ஷன்) வெயிட்ஃபார்செகண்ட்ஸ் முடியவே முடியாது, வெயிட்ஃபார்செகண்ட்ஸ்ரியல்டைம் வேண்டும். சத்தம் அதன் பாட்டுக்கு ஓடும்; கேமின் சத்தத்தைக் கேட்கும் ஆடியோலிசனரைத் தனியாக பாஸ் செய்து, மெனு இசைக்கு மட்டும் இக்னோர்லிசனர்பாஸ் கொடுக்கவேண்டும்.

உண்மையான தலைவலி ரெஸ்யூமில். டைம்ஸ்கேலை 1 ஆக்கினால் 0.3-இல் ஓடிய ஸ்லோமோஷன் போச்சு. கன்ட்ரோலர் கழன்றால் பாஸ் செய்யும் கோடும் (code) இருந்தால், மெனு திறந்திருக்கும்போதே கன்ட்ரோலர் கழன்று, மீண்டும் மாட்டியதும் அது கேமை ஓடவிட்டுவிடும், மெனு அப்படியே நிற்கும். பாஸா இல்லையா என்று மட்டும் சொல்லும் பூலியனுக்குப் பதில், பாஸ் செய்த காரணங்களின் பட்டியல் வையுங்கள். அது காலியானால் மட்டும் பழைய மதிப்பைத் திருப்புங்கள். மெயின் மெனு சீனுக்குப் போகும்போதும் பட்டியலைக் காலி செய்யுங்கள். இல்லையென்றால் சீன் மாறினாலும் டைம்ஸ்கேல் 0-விலேயே இருக்கும். புது கேம் அசையாது.