தோள்பட்டை ஊசி, அமெரிக்க வழக்கு, வேலூர் சுவர்

ஃப்ளூ ஊசியால் தோள் கெட்டுப்போனதற்கு அமெரிக்காவில் நஷ்டஈடு வாங்கியதைப் பற்றி நான்கு பேர் தனித்தனியாகக் கேட்டுவிட்டார்கள், நான்கு பேருமே இங்கே படித்துவிட்டு அமெரிக்காவில் நர்ஸாக இருப்பவர்கள், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

2019 அக்டோபர். அமெரிக்காவில் நான் நர்ஸாக வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் வருடா வருடம் ஃப்ளூ ஊசி போட்டே ஆக வேண்டும். நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, போட்டவர் அவசரத்தில் நின்றபடியே தோள் எலும்பின் விளிம்பை ஒட்டிக் குத்திவிட்டார். 20 வருடமாக ஊசி போடுகிறவள் நான், குத்தும்போதே மேலே போய்விட்டது என்று தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை. அன்று ராத்திரியே இடது கை தூக்க வரவில்லை.

இதற்கு ‘சிர்வா’ (SIRVA) என்று பெயர், தடுப்பூசி போட்ட விதத்தால் தோளில் வரும் காயம். மருந்தில் குறை இல்லை, ஊசி இறங்கிய இடத்தில்தான் குறை. தசைக்குள் போக வேண்டியது மூட்டை ஒட்டிய பைக்குள் போய் வீக்கத்தைக் கிளப்பிவிடுகிறது. தடுப்பூசியே விஷம் என்று வாட்ஸாப்பில் அனுப்பிக்கொண்டிருந்த சித்தப்பாவிடமும் இதைத்தான் சொன்னேன். அடுத்த வருடமும் போட்டுக்கொண்டேன், வலது கையில்.

2020 பிப்ரவரியில் அம்மா இடுப்பை முறித்துக்கொண்டதால் வேலையை விட்டுவிட்டு வேலூர் சத்துவாச்சாரிக்கே வந்துவிட்டேன். யாரை யார் பார்த்துக்கொண்டது என்பதே சந்தேகம், படுக்கையில் இருந்த அம்மாதான் எனக்குப் பின்னல் போட்டாள். எதிர்வீட்டு அக்கா தினமும் “இன்னாம்மா, கையி இன்னும் ஆவலியா?” என்பார். இங்கே ஒரு டாக்டரைப் பார்த்தேன். சீட்டில் ‘ஃப்ரோசன் ஷோல்டர்’, அதாவது தோள் இறுக்கம், என்று எழுதி, பக்கத்தில் ‘சர்க்கரை?’ என்று போட்டார். எனக்குச் சர்க்கரை கிடையாது. அந்தக் கேள்விக்குறியை அன்றைக்கு நான் கவனிக்கக்கூட இல்லை.

காட்பாடியில் பிசியோதெரபி ஆரம்பித்த மூன்றாவது வாரம் ஊரடங்கு வந்தது. பிசியோதெரபி கொடுத்த தம்பி போனில், “அக்கா, சுவர்ல விரலாலேயே மேல ஏறுங்க, எட்டுற இடத்துல பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதுங்க” என்றார். சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் போட ஆரம்பித்தேன். மார்ச் கடைசியில் என் மூக்கு உயரம், மே மாதம் நெற்றி.

நஷ்டஈடு என்று ஒன்று இருப்பதே 2021இல் தோழி சொல்லித்தான் தெரியும். தடுப்பூசியால் பாதிக்கப்பட்டவர்களுக்காக அமெரிக்காவில் 1986இல் சட்டம் போட்டு 1988இலிருந்து நடக்கும் திட்டம். ஊசி போட்டவர் மீதோ ஆஸ்பத்திரி மீதோ வழக்கு இல்லை. எதிர்த்தரப்பு அமெரிக்க சுகாதாரத் துறைச் செயலர். வாஷிங்டனில் உள்ள ஃபெடரல் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் ஸ்பெஷல் மாஸ்டர் என்பவர் நீதிபதி மாதிரி விசாரிப்பார். பணம் வருவது ஒரு நிதியத்திலிருந்து, ஒவ்வொரு ஃப்ளூ ஊசிக்கும் 75 சென்ட் வரி அதில் சேர்கிறது. வக்கீல் கட்டணத்தையும் தனியாக அதுவே கொடுத்துவிடும், நமக்கு வரும் தொகையில் வக்கீல் கை வைக்கக் கூடாது. (இது தெரியாமல்தான் பலர் பயந்து ஒதுங்குகிறார்கள்.) முதல் அறிகுறி தெரிந்ததிலிருந்து 3 வருடத்துக்குள் மனு போட வேண்டும். கோவிட் ஊசி இதில் சேராது, அதற்குத் தனித் திட்டம், ஊசி போட்டதிலிருந்து ஒரே வருடம்தான் கெடு.

சிர்வா 2017இலிருந்து அந்தத் திட்டத்தின் பாதிப்புப் பட்டியலில் இருக்கிறது. 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கி, தோளுக்கு முன்பு கோளாறு எதுவும் இல்லாமல், வேறு காரணமும் சொல்ல முடியாமல் இருந்தால், ஊசியால்தான் என்று நாம் நிரூபிக்க வேண்டாம். ஆனால் பாதிப்பு 6 மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். எனக்கு அந்த 6 மாதம் முடிவது 2020 ஏப்ரலில், ஊரடங்கின் நட்ட நடுவில், ஒரு துண்டுச் சீட்டுகூடக் கையில் இல்லாத மாதத்தில்!

எதிர்த்தரப்பு பிடித்தது இரண்டை. ஏப்ரலில் சிகிச்சையே இல்லையே, குணமாகிவிட்டது போலிருக்கிறதே. அப்புறம் டாக்டர் சீட்டில் இருந்த அந்தக் கேள்விக்குறி, சர்க்கரையால் வந்த தோள் இறுக்கம் இல்லையா இது. முதலாவதற்குச் சுவரைப் படம் எடுத்து அனுப்பினேன், தேதியோடு. கூடவே தம்பிக்கு அப்போது அனுப்பிய வாட்ஸாப் வீடியோவும், ஜூனில் அவர் நோட்டில் ‘8 மாதமாக வலி’ என்று தமிழில் எழுதியதன் மொழிபெயர்ப்பும். இரண்டாவதற்கு ஊசிக்கு முந்தைய 3 வருட மருத்துவப் பதிவுகளைத் தோண்டியெடுத்து, ரத்தச் சர்க்கரை சரியாக இருந்ததைக் காட்டினோம். டாக்டரிடம் திருத்தி எழுதித் தரக் கேட்டேன், சிரித்தார், தரவில்லை.

ஒரு வெட்டிச் செலவும் உண்டு. வாக்குமூலம் வேண்டும் என்றதும் பத்திரம் வாங்கி, கோர்ட் வாசலில் நோட்டரியைப் பிடித்து, சிவப்பு முத்திரையெல்லாம் குத்தி அனுப்பினேன். வக்கீல், இதெல்லாம் தேவையே இல்லை, அமெரிக்கச் சட்டப்படி பொய் சொன்னால் தண்டனை என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்.

இதே ஊசியை இங்கே போட்டு இப்படி ஆகியிருந்தால்? 2022 நவம்பரில் கோவிட் தடுப்பூசி வழக்கில் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது, சிவில் கோர்ட்டுக்குப் போய்க்கொள்ளலாம் என்பதுதான். நான் போயிருக்க மாட்டேன்.

2024இல் சமரசம். வலி வேதனைக்குச் சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பு 2,50,000 டாலர், எனக்கு வந்தது அதன் கிட்டேகூட இல்லை. ஒப்பந்தத்தில் முதலிலேயே, ஊசியால்தான் இது வந்தது என்பதை அரசு மறுக்கிறது என்று எழுதியிருந்தது. வயிறு எரிந்தது. சமரசத்தில் முடியும் வழக்குகளில் இப்படித்தான் எழுதுவார்கள், காசு வாங்குகிறீர்களா, வாக்கியத்தோடு சண்டை போடுகிறீர்களா என்றார் வக்கீல். ராத்திரி எட்டு மணி, அவருக்குக் காலை. கையெழுத்துப் போட்டேன். முடிவு கோர்ட் இணையதளத்தில் பெயரோடு வரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், அப்படி வர வேண்டாம் என்று 14 நாளைக்குள் ஆட்சேபிக்கலாம், நான் விட்டுவிட்டேன்.

கை இப்போது காதுக்குக் கொஞ்சம் மேலே வரை போகிறது. பரணிலிருந்து இட்லிக் குண்டான் இறக்க இன்னும் எதிர்வீட்டு அக்கா மகனைத்தான் கூப்பிடுகிறேன்.