39 ஃபோர்டு ஸ்டாக் கார்: மூணு மாசத்துல நடந்தது

இந்தப் பழைய ரேஸ் வண்டி (ஸ்டாக் கார்னா சாதாரண ரோட்டு காரை ரேஸுக்கு மாத்தினது) வந்து மூணு மாசம் ஆச்சு, இன்னும் ஒரு தடவை கூட ஸ்டார்ட் ஆகல, ஆனா அது எந்த மாதிரி டிராக்ல ஓடுச்சுன்னு இப்ப ஓரளவு புரிஞ்சிருச்சு. வித்தவர் சொன்ன கதை வேற, வண்டி சொல்ற கதை வேற.

நான் இருக்கறது நார்த் கரோலினாவுல. நானும் பக்கத்து வீட்டு தாத்தாவும் (வயசு 78, ஸ்பேனரைக் கையில எடுத்தா 30) பாதிப் பாதி போட்டு வாங்கினது 1939 ஃபோர்டு கூபே. ஃபெண்டர் கிடையாது, கண்ணாடி கிடையாது, உள்ள ஒரு பைப் கூண்டு, ஒத்தை சீட்டு, அவ்ளோதான். போமன் கிரே ஸ்டேடியத்துல ஓடின வண்டின்னு சொல்லித்தான் குடுத்தாங்க. வின்ஸ்டன் சேலம்ல ஃபுட்பால் கிரவுண்டைச் சுத்தி இருக்கற கால் மைல் தார் டிராக் அது, 1949ல இருந்து நாஸ்கார் (அமெரிக்க ஸ்டாக் கார் ரேஸ் அமைப்பு) ரேஸ் நடக்குது, அந்தப் பேரைச் சொன்னாலே இங்க விலை தானா ஏறும். ஏமாந்தோம்னு சொல்ல மாட்டேன், ஆசைப்பட்டோம்.

முதல் நாள் டிரெய்லர்ல இருந்து இறக்கித் தள்ளும்போதே வண்டி வலது பக்கம் திரும்ப மாட்டேன்னுச்சு. பிரேக் பிடிச்சிருக்குன்னு நினைச்சு அரை நாள் வேஸ்ட். அப்புறம் பார்த்தா டிஃபரன்ஷியல் (வளைவுல ரெண்டு பின் வீலும் வேற வேற வேகத்துல சுத்த விடறது) உள்ள இருக்கற சின்ன கியர்களை வெல்டு வெச்சு ஒட்டிட்டாங்க, ரெண்டு பின் வீலும் சேர்ந்தேதான் சுத்தும். டேப் வெச்சு டயரைச் சுத்தி அளந்தேன், இடது பக்கம் 85 இன்ச், வலது பக்கம் 89. டம்ளரைப் படுக்க வெச்சு உருட்டினா வாய் பெருசு அடி சிறுசுங்கறதால வட்டம் அடிக்கும்ல, அதே கணக்குதான், இடது பக்கமே சுத்தற டிராக்குக்கு வண்டியே தானா திரும்பிக்கும்.

இது வரைக்கும் போமன் கிரே கதையோட ஒத்துப் போச்சு. சேஸி கழுவ உட்கார்ந்த அன்னைக்குத்தான் கதை கந்தல். சேஸி மூலையில ஸ்க்ரூடிரைவர் விட்டுக் குத்தினா செங்கல் மாதிரி இறுகின செம்மண் கட்டி கட்டியா விழுது, ரெண்டு வாளி வந்துச்சு. தார் ரோட்டுல ஓடின வண்டிக்கு செம்மண் எங்க இருந்து? ரேடியேட்டருக்கு முன்னாடி கம்பி வலை மாட்டறதுக்கு நாலு காது வேற வெல்டு பண்ணிருக்கு, மண்ணு வாரி அடிச்சு ரேடியேட்டர் அடைக்காம இருக்க வெக்கறது அது. தாத்தா பார்த்த உடனே "மண் டிராக் வண்டிடா இது"ன்னுட்டார். கதவுல 320 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா சிவப்பு, கீழ வெள்ளை, அதுக்கும் கீழ பிரஷ்ஷால எழுதின ஒரு 7, கோடு கூட நேரா இல்ல. எனக்கென்னமோ இதுதான் பிடிச்சிருக்கு.

பின்னாடி குறுக்கால போற ஸ்பிரிங்ல ஒரு பட்டை ஜாஸ்தி. 1949 ஜூன் 19, சார்லட், நாஸ்காரோட முதல் ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக் (வண்டியில மாத்தம் பண்ணக் கூடாதுங்கற) ரேஸ்ல ஃபோர்டு ஓட்டி முதல்ல வந்த கிளென் டனவேயைப் பின் ஸ்பிரிங்ல வேலை பண்ணிருக்குன்னு தகுதி நீக்கம் பண்ணிட்டு, லிங்கன் ஓட்டின ஜிம் ரோப்பருக்கு ஜெயிப்பைக் குடுத்தாங்க. அந்த ஃபோர்டு சாராயம் கடத்தின வண்டி, லோடு ஏத்தினா பின்னாடி இறங்கக் கூடாதுன்னு பண்ணின வேலை அது. நம்ம வண்டியும் கடத்தலானு கேட்டேன், தாத்தா சிரிச்சதோட சரி.

இப்ப என்ஜின். ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் வந்த 59ஏ பிளாக், 3.9 லிட்டர் ஃப்ளாட்ஹெட் (வால்வு ஹெட்ல இல்லாம பிளாக்லயே இருக்கற) வி8, அதாவது பிற்பாடு யாரோ மாத்திருக்காங்க. இந்த என்ஜின்ல எக்ஸாஸ்ட் புகை பிளாக்குக்குள்ள தண்ணி ஜாக்கெட் வழியாத்தான் வெளிய வரும், அதான் வாட்டர் பம்ப் ரெண்டு இருந்தும் சூடு தாங்காது, வால்வு சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல விரிசல் விடும். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள ஏறற அழுத்தம்) பார்த்தோம், ஆறு சிலிண்டர் 85ல இருந்து 95 psi வரைக்கும், இடது பக்கம் நடுவுல இருக்கற 6, 7ஆம் சிலிண்டர் மட்டும் 40, 35. ஆயில் கொஞ்சம் ஊத்தி மறுபடி பார்த்தேன், ஏறவே இல்ல, பிஸ்டன் ரிங் தேஞ்சிருந்தா ஏறிருக்கும், அப்ப ரிங் இல்ல. ஹெட் கேஸ்கெட்டா இருந்தா பிழைச்சோம், விரிசல்னா வேற பிளாக் தேடணும்.

ஹெட்டைக் கழட்டிப் பார்த்தாத்தான் தெரியும். ஹெட்டைப் பிடிச்சிருக்கற 24 ஸ்டட்ல (போல்ட் மாதிரி கம்பி) 21 வந்துருச்சு, துரு விடறதுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து ஊத்திட்டு வர்றேன், மிச்சம் மூணு இன்னும் அசையல.