எதிர்காலம் பத்தின புக்கும் எங்க சம்ப் தண்ணியும்

எதிர்காலம், பூமி, சஸ்டெய்னபிள் உலகம்னு எந்த புக் எடுத்தாலும் முதல் இருபது பக்கத்துல நான் ஒண்ணு மட்டும் பாப்பேன். எழுதினவர் எத்தனை தடவை "மனித குலம்"னு சொல்றாருன்னு. மனித குலம் பேராசை பிடிச்சிருச்சு, மனித குலம் விழிச்சுக்கணும்... யாருங்க அந்த மனித குலம்? மடிப்பாக்கத்துல மூணாவது மாடியில ஷவர்ல குளிக்கற நானும், எங்க சம்புக்கு லாரியில வர்ற தண்ணி எந்த ஊர் கிணத்துலேர்ந்து வருதோ அந்த ஊர்க்காரரும் இதுல ஒரே கணக்கா? அந்த கணக்கை பிரிச்சு காட்டாத புக்கை இப்பெல்லாம் நான் பாதியில மூடி வெச்சுடறேன், குற்ற உணர்ச்சியெல்லாம் இல்ல.

இதுல ரொம்ப கோவம் வந்தது பால் எர்லிக்னு ஒரு அமெரிக்க உயிரியல் விஞ்ஞானியோட 'பாப்புலேஷன் பாம்ப்' மேலதான், 1968ல வந்தது. டெல்லியில ஒரு ராத்திரி டாக்ஸியில போறாரு, ஜன்னலுக்கு வெளிய ஜனங்க, ஜனங்க, எங்க பாத்தாலும் ஜனங்க, அங்கயே அவருக்கு பயம் ஆரம்பிக்குது. 1970கள்ல கோடிக்கணக்கான பேர் பசியில சாவாங்க, ஒண்ணும் பண்ண முடியாதுன்னு எழுதினாரு. அப்படி நடக்கல. நம்ம சி.சுப்பிரமணியம் விவசாய மந்திரியா இருந்தப்ப, எம்.எஸ்.சுவாமிநாதன் மாதிரி விவசாய விஞ்ஞானிங்க வயல்ல இறங்கி, கோதுமை, நெல் விளைச்சல் எகிறிடுச்சு (அதுக்கு உரம், பூச்சி மருந்து, போர்வெல்னு நாம கட்டற பில் தனிக்கதை). தமிழ்நாட்டுல இப்ப ஒரு பொண்ணுக்கு சராசரி ரெண்டு குழந்தை கூட இல்ல, ஜனத்தொகையை வெச்சு எம்.பி. தொகுதி மறுவரையறை பண்ற பேச்சு வந்ததும் மேடையிலயே பிள்ளை பெத்துக்க சொல்ற நிலைமை. ஜூலியன் சைமன்னு ஒரு பொருளாதார நிபுணர் 1980ல எர்லிக்கோட பந்தயமே கட்டினாரு, அஞ்சு உலோகத்தோட விலை பத்து வருஷத்துல ஏறுமா இறங்குமான்னு. ஏறும்னு எர்லிக், ஏறாதுன்னு சைமன். இறங்குச்சு, 1990ல எர்லிக் செக் அனுப்பிட்டாரு. ஆனா அந்த டாக்ஸி ஜன்னல்ல தெரிஞ்ச முகம் ஒண்ணுக்காவது புக்ல பேர் இருக்கா? அதுதான் எனக்கு உறுத்துது.

'லிமிட்ஸ் டு க்ரோத்' வேற ரகம். 1972, அமெரிக்காவுல இருக்கற எம்ஐடியில டொனெல்லா மெடோஸ், டெனிஸ் மெடோஸ் இன்னும் ரெண்டு பேர் சேந்து எழுதினது. கம்ப்யூட்டர்ல ஒரு உலக மாடல் போட்டு, ஜனத்தொகை, சாப்பாடு, தொழிற்சாலை, மாசு, கனிம வளம் அஞ்சையும் பின்னி 2100 வரைக்கும் ஓட்டி பாத்தாங்க. "2000க்குள்ள பெட்ரோல் தீந்துடும்னாங்களே, தீந்துச்சா?"ன்னு இந்த புக்கை கிண்டல் பண்றவங்க நிறைய பேர் அதை தொட்டே பாத்திருக்க மாட்டாங்க, ஏன்னா அவங்க அப்படி ஜோசியம் சொல்லவே இல்ல. இந்த வேகத்துலயே போனா அடுத்த நூறு வருஷத்துக்குள்ள எங்கயோ முட்டும், வேற மாதிரி போனா முட்டாதுன்னு மாடலை பல விதமா ஓட்டி காட்டினாங்க, அவ்ளோதான். அதுல ஒரு குளத்து கணக்கு வரும், தாமரை மாதிரி ஒரு கொடி தினம் ரெண்டு மடங்கா பரவுது, முப்பதாவது நாள் குளம் ஃபுல்லா மூடிடும், அப்ப பாதி குளம் மூடினது என்னைக்கு? இருபத்தொம்பதாவது நாள். அடையாறுல ஆகாயத்தாமரை மண்டறதை பாத்தவங்களுக்கு இது சட்டுனு புரியும்.

ஆனா எனக்கு அந்த புக்ல பிடிச்சது கிராஃப் இல்ல, 'டிலே'ன்னு அவங்க சொல்ற விஷயம். நாம ஒண்ணு பண்றதுக்கும் அதோட பலன் நம்ம கண்ணுல படறதுக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கு, அந்த இடைவெளியிலதான் எல்லாம் கெடுது. இதை எங்க அபார்ட்மெண்ட்ல வருஷா வருஷம் லைவா பாக்கலாம். 2003ல மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு சட்டம் வந்துச்சு, எல்லா பில்டிங்லயும் குழி தோண்டினாங்க. எங்களோடதும் இருக்கு. மொட்டை மாடி பைப் கீழ வந்து கார் பார்க்கிங் ஓரத்துல சிமெண்ட் மூடி போட்ட குழிக்குள்ள போகுது, மூடியை நெம்பி பாத்தா ஜல்லி மேல ஒரு ஜாண் சேறு, அதுல ஒரு பிஸ்கட் கவர், ஒரு காஞ்சு போன பெயிண்ட் பிரஷ். மார்ச்ல இதை தூர் வாரலாம் சார்னு சொன்னா, மழையே இல்லையே இப்ப எதுக்குன்னு கேப்பாங்க. நவம்பர்ல சொன்னா பார்க்கிங்ல தண்ணி நிக்குது, முதல்ல அதை வெளிய தள்ளுங்கங்கறாங்க. ஜனவரியில போர்வெல்ல தண்ணி நல்லா ஏறி இருக்கும், யாருக்கும் ஞாபகமே வராது. மே மாசம் மோட்டார் வெறுங்காத்து இழுக்கும்போதுதான் வாட்ஸ்அப் குரூப்ல சண்டை, அப்புறம் லாரி. 2019ல சென்னைக்கு குடிதண்ணி குடுக்கற ஏரி நாலும் காஞ்சு ஜோலார்பேட்டையிலேர்ந்து ரயில்ல தண்ணி வந்துச்சே, அதுக்கு நாலு வருஷம் முன்னாடிதான் இதே ஊர் வெள்ளத்துல முங்கிச்சு. வெள்ளமும் வறட்சியும் ரெண்டு தனித்தனி பிரச்சனைன்னு நெனைக்கறதே இந்த டிலேவாலதான்.

சரி, என்னை நிஜமாவே உக்கார வெச்சது ஜே.சி.குமரப்பாவோட 'எகானமி ஆஃப் பர்மனன்ஸ்'. தஞ்சாவூர்ல 1892ல பொறந்தவரு, லண்டன்ல ஆடிட்டர் படிப்பு, கொலம்பியாவுல எகனாமிக்ஸ், அப்புறம் காந்தி கூட போயிட்டாரு. 1945ல ஜபல்பூர் ஜெயில்ல உக்காந்து எழுதினது இது, முன்னுரை காந்தியே குடுத்திருக்காரு. ஷூமேக்கர்ங்கற பொருளாதார நிபுணரோட 'ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல்'லை உலகமே கொண்டாடுச்சு, அதுல பௌத்த பொருளாதாரம் பத்தின கட்டுரையில அவர் குமரப்பாவை மேற்கோள் காட்டறாரு, நான் அங்க பாத்துட்டுதான் இங்க வந்தேன். நம்ம தஞ்சாவூர்க்காரரை தெரிஞ்சுக்க பிரிட்டிஷ் நிலக்கரி போர்டுல வேலை பாத்த ஷூமேக்கர் அட்ரஸ் குடுக்க வேண்டியிருக்கு, என்னத்த சொல்ல.

குமரப்பா ஆடிட்டர் கண்ணோடதான் உலகத்தை பாக்கறாரு. நிலக்கரி, பெட்ரோல், தாது இதெல்லாம் எடுக்க எடுக்க தீந்துடும். ஆத்து ஓட்டம், வளர்ற மரம் இதெல்லாம் அளவா எடுத்தா வந்துட்டே இருக்கும். முதல் வகையை நம்பி வாழ்ந்தா அது நிலைக்காது, அதுக்காக அடிச்சுக்கவும் செய்வோம்ங்கறாரு. அதோட நிக்கல, பொருளாதாரத்தையே அஞ்சா பிரிக்கறாரு. ஆட்டை கொன்னு தின்னற புலி முதல் வகை, தான் நடாத மாந்தோப்புல பழம் பறிக்கற குரங்கு அடுத்தது, அப்புறம் தானே உழைச்சு அனுபவிக்கறது, தேனீ மாதிரி கூட்டத்துக்காக உழைக்கறது, கடைசியா குஞ்சுக்கு இரை ஊட்டற தாய்ப்பறவை. படிச்சதுலேர்ந்து எனக்கு ஒரே குடைச்சல், பன்னெண்டாயிரம் லிட்டர் லாரி தண்ணி வாங்கற நாங்க புலியா, குரங்கா? கிணத்துக்காரருக்கு காசு போகுதே, அதனால குரங்கு இல்லன்னு வாதாடலாம். ஆனா பக்கத்து வயல்காரரோட கிணறும் சேந்துதானே இறங்குது, அவருக்கு யார் காசு குடுத்தா? அப்ப புலிதான் போல.

அவரோட எனக்கு தகராறும் உண்டு. கிராமம் கிராமம்னே போறாரு, இவ்ளோ பெரிய ஊரை என்ன பண்றதுன்னு கேட்டா அவர்கிட்ட பெருசா பதில் இல்ல.

அந்த பதிலை தேடித்தான் கிம் ஸ்டான்லி ராபின்சனோட 'தி மினிஸ்ட்ரி ஃபார் தி ஃப்யூச்சர்' எடுத்தேன், 2020ல வந்த நாவல். உத்தரப்பிரதேசத்துல ஒரு வெப்ப அலை, கரண்ட் போயிடுது, ஜனங்க ஏரிக்குள்ள இறங்கறாங்க, தண்ணியே சூடா இருக்கு. சூட்டை விட அந்த புழுக்கம்தான் கொல்லும், வேர்வை காஞ்சாதான் உடம்பு ஆறும், காத்துல ஈரம் கூடிட்டா காயாது. கடல் காத்து லேட்டா வர்ற மே மாச சாயங்காலத்தை அனுபவிச்ச நமக்கு இதை வகுப்பெடுக்க வேணாம். பின்பாதியில ஒரே மீட்டிங், நோட்ஸ், சென்ட்ரல் பேங்க்காரங்களோட பேச்சு, போர் அடிக்குதுன்னு நிறைய பேர் திட்டறாங்க. எனக்கு அதுதான் பிடிச்சுது! உலகத்தை காப்பாத்தறதுன்னா அசோசியேஷன் மீட்டிங் மாதிரி வெறுப்பேத்தற ஆயிரம் மீட்டிங்னு அவருக்கு தெரிஞ்சிருக்கு.

எதுலேர்ந்து ஆரம்பிக்கறதுன்னு கேட்டா குமரப்பா. இங்கிலீஷ்ல நெட்ல ஃப்ரீயாவே கிடைக்குது, ஆடம்பரம் இல்லாத எழுத்து. மெடோஸ் அடுத்தது, கிராஃபுக்கு முன்னாடி வர்ற அத்தியாயங்களை தாண்டாதீங்க. ராபின்சன் தடியான புக், லீவுக்கு வெச்சுக்கோங்க, கரண்ட் போன ராத்திரியில மட்டும் வேணாம். எர்லிக் லஸ் பிளாட்ஃபாரத்து பழைய புக் கடையில கண்ணுல பட்டா பேரம் பேசி வாங்குங்க, முழு விலைக்கு தேறாது.